சலூன் பாட்டில்களின் திணை மரபு: ஒரு முதல்நிலை ஆய்வு

1. பாயிரம்

கூந்தலைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தமிழில் பஞ்சமில்லை. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற வழக்கு பாண்டியன் அவையில் நடந்து, நெற்றிக்கண் திறக்கும்வரை போனதாகத் திருவிளையாடல் கதை சொல்கிறது. பூவாலும் பூச்சாலும் வரும் மணம் என்று நக்கீரர் கடைசிவரை நின்றார். சரி, அந்தப் பூச்சு எந்தக் குப்பியில் இருந்தது, அந்தக் குப்பி எந்தத் தட்டில் இருந்தது? அவையில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக் களம்: எங்கள் தெருமுனை சலூன். இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, முன்னும் பின்னும் ஆளுயரக் கண்ணாடி. ஆய்வுக் காலம்: ஞாயிற்றுக்கிழமைகளில் என் முறை வரும்வரை. நிதியுதவி: கடைக்கார அண்ணன் வாங்கித் தந்த ஒரு டீ.

2. சொல்லாய்வு

குப்பி, சீசா, புட்டி, பாட்டில் என நான்கு சொற்கள் வழக்கில் உள்ளன. சீசா பாரசீகத்திலிருந்து வந்தது. இன்று தாத்தாக்களிடம் மட்டும் இருக்கிறது. புட்டி என்றால் ஒன்று குழந்தை நினைவுக்கு வருகிறது, இல்லையென்றால் குழந்தையின் அப்பா. ஆகவே பாட்டில் என்பதே ஈண்டுக் கொள்ளப்பட்டது.

'சலூன்' அதைவிடச் சுவையானது. பிரெஞ்சில் அது விருந்தினரை வரவேற்கும் கூடம். ஆங்கிலத்துக்கு வந்து, அமெரிக்காவில் மதுக்கடை ஆயிற்று; நம் ஊரில் முடி வெட்டும் கடை ஆயிற்று. பொருள் மாறினாலும் கடையின் அமைப்பு மாறவில்லை. அங்கும் சுவரில் பெரிய கண்ணாடி, அதன் முன் பாட்டில் வரிசை, எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் ஆள். அங்கே சரக்கு உள்ளே இறங்குகிறது, இங்கே மேலே ஏறுகிறது, வேறுபாடு அவ்வளவே.

3. எண்ணிக்கைச் சிக்கல்

முதலில் பாட்டில்களை எண்ண முயன்றேன். செங்கோணத்தில் நிற்கும் இரண்டு கண்ணாடிகள் ஒரு பொருளுக்கு 3 பிம்பம் காட்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நேருக்கு நேர் நின்றால் கணக்கு முடிவிலிக்குப் போய்விடும். சலூனில் அவை நேருக்கு நேரே நிற்கின்றன. பதினான்கு என்று எண்ணி முடித்த பாட்டில்கள், பின்கண்ணாடியில் மறுபடி பதினான்காக வந்து நின்றன. அதற்குப் பின்னும் ஒரு வரிசை, அதற்குப் பின்னும் ஒன்று. கண்ணாடியில் கலந்துள்ள இரும்பினால் போகப் போகப் பச்சை ஏறி மங்கிய பிறகுதான் சரக்கு தீர்ந்தது. சின்ன முதலில் பெரிய கடை வைக்கும் வித்தை இது.

4. திணைப் பாகுபாடு

குறிஞ்சி: மேல் தட்டு. உயரம், கைக்கு எளிதில் எட்டாது. ஹேர் சீரம், ஜெல், படிக்க முடியாத எழுத்துள்ள ஷாம்பு இதன் கருப்பொருள்கள். கூடலுக்கு உரிய நிலம் இது என்பது இலக்கணம். இங்கே பாட்டிலும் தலையும் கூடியதை நான் கண்டதில்லை.

முல்லை: ஜன்னலோரம். உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுமையாகக் காத்திருப்பது. தேங்காய் எண்ணெய்க்கு இது பொருந்தும். வெப்பம் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கடை திறந்ததும் அண்ணன் முதலில் செய்வது அந்தப் பாட்டிலை வெயில் விழும் இடத்துக்கு நகர்த்துவதுதான். வெயில் வரும், எண்ணெய் இளகும், ஆற்றியிருந்ததற்குப் பலன் கிட்டும்.

மருதம்: கைப்பக்கத் தட்டு. உரிப்பொருள் ஊடல். சாயக் களிம்பும் டெவலப்பரும் ஒரே அட்டைப் பெட்டியில் பிறந்தவை என்றாலும் சேர்த்து வைக்கக் கூடாது. தலையில் தடவும் நேரத்தில்தான் கிண்ணத்தில் சேர வேண்டும். டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. '20 வால்யூம்' என்று போட்டிருந்தால் 6 சதவீதம். ஒரு லிட்டர் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் விடும் என்று பொருள். வெளிச்சம் பட்டால் இது கெடும். அதனால்தான் பாட்டிலுக்குள் ஒளி நுழையாத உடம்பு. அழுக்குப் பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடினால் கோபத்தில் பாட்டில் உப்பிவிடும். ஊடலுக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது.

நெய்தல்: வாஷ்பேசின் ஓரம். நீர் உண்டு, ஈரக்காற்று உண்டு, ஆஃப்டர் ஷேவ் பாட்டிலில் கப்பல் படமும் உண்டு. பக்கத்தில் டெட்டால். உரிப்பொருள் இரங்கல். கன்னத்தில் பட்டதும் "ஸ்ஸ்..." என்று எழும் ஒலியை இரங்கல் என்றே கொள்க.

தண்ணீர் ஸ்ப்ரே எத்திணைக்கும் உரியதன்று. பிறப்பால் அது கண்ணாடி துடைக்கும் திரவத்தின் பாட்டில், பிழைப்பால் தண்ணீர்.

5. பாலை

தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று விளக்குகிறது சிலப்பதிகாரம். தீர்ந்துபோன பாட்டில்கள் அவ்வகையின. உள்ளிருந்தது பிரிந்துவிட்டது, லேபிள் மட்டும் முகம் திருப்பாமல் நிற்கிறது. மேல் தட்டில் பாதிக்கு மேல் பாலைதான்.

"வெறும் பாட்டிலை எதுக்குண்ணே வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. சலூன்ல தட்டு மொட்டையா இருக்கலாமா?"

6. கள ஆய்வில் நேர்ந்த பிழை

செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. உதவிக்கு இருந்த பையன் ஊருக்குப் போயிருந்ததால், தட்டுகளைத் துடைத்துத் தருவதாக நானே முன்வந்தேன். அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

பாட்டில்களை இறக்கியதும் சன்மைக்கா முழுக்க வட்டங்கள். சாயம் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம். எண்ணெய் இருந்த இடத்தில் பழுப்பு, விரல் வைத்தால் ஒட்டியது. ஸ்ப்ரே இருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் காய்ந்து சுண்ணாம்பாய்ப் படிந்த வெள்ளை வளையம். தேங்காய் நாரும் சோப்புத்தூளும் கொண்டு ஒன்றுவிடாமல் தேய்த்து எடுத்தேன். பிறகு, பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசைபோல, குட்டையிலிருந்து நெட்டைவரை லேபிள் தெரிய அடுக்கினேன். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

புதன்கிழமை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். அண்ணன் கத்தரிக்கோலை மோதிர விரலில் தொங்கவிட்டு, கண்ணை என் தலையிலிருந்து எடுக்காமல், அதே கையை ஸ்ப்ரேக்கு நீட்டினார். கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுவதுபோல அந்தக் கை தட்டில் தடவியது. அடுத்து ஷேவிங். முடிந்ததும் வழக்கமான எரிச்சலுக்காகப் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். எரியவில்லை. கன்னத்தில் குளுகுளுவென்று வழிந்தது தேங்காய் எண்ணெய்.

அண்ணன் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"வட்டமெல்லாம் எங்க தம்பி?"

"அழுக்குண்ணே. தேய்ச்சு எடுத்துட்டேன்."

"அது அழுக்கு இல்ல தம்பி. அட்ரஸ்."

7. முடிபு

பையன் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் அந்த வட்டத்தில்தான் திருப்பி வைப்பானாம். இருபது வருடமாக அண்ணன் கை அங்கேதான் போகிறதாம். ஆக, எழுத்து தெரியாதவரும் படிக்கக்கூடிய அட்டவணை ஒன்றை நான் நாரால் தேய்த்து அழித்திருக்கிறேன். திணையியல் எழுதிய எனக்கு, நிலத்தைப் படிக்கத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது பாட்டில்கள் பழையபடி ஏறுமாறாக நின்றன. ஸ்ப்ரேயின் அடியில் மூன்றாம் பிறைபோல மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று படிந்திருந்தது. அண்ணனின் கை பார்க்காமலே போயிற்று. பாட்டில் அங்கே இருந்தது. புஸ்.

அடுத்த கட்ட ஆய்வுக்கு டிராயர்களை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"தலையை ஆட்டாதீங்க தம்பி" என்றார்.