பிறவாய் அடைத்தல்: சென்னைக் குளியலறையில் ரப்பர்க் கிண்ணியின் இலக்கணம்

யாப்புக்கும் அணிக்கும் நூல் செய்த தமிழ்ச் சான்றோர், அடைப்பு எடுக்கும் ரப்பர்க் கிண்ணிக்கு ஒரு நூற்பாவும் செய்யாமல் போனார்கள். அவர்கள் காலத்தில் பிளாட் இல்லை என்பது ஒரு சமாதானம். கீழடியில் சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. குழாய் இருந்தால் அடைப்பும் இருந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். கிண்ணி மட்டும் கிடைக்கவில்லை. அமெரிக்கரான ஜான் ஹாவ்லி 1870களில்தான் அதற்குக் காப்புரிமை வாங்கினார் என்று சிலர் இதற்குக் காரணம் காட்டுவர். மறுப்பதற்கில்லை.

இவ்வாய்வின் எல்லை மயிலாப்பூர், தி.நகர், அடையாறு. எந்தத் திணைக்கும் உள்ளதுபோல் அடைப்புக்கும் முதல், கரு, உரி மூன்றும் உண்டு. முதற்பொருளில் நிலம் என்பது சமையலறையும் குளியலறையும். பொழுது, சனிக்கிழமைக் காலையும் பண்டிகை மத்தியானமும். கருப்பொருள் நிலத்துக்கு நிலம் மாறும். சமையலறையில் காபிச் சக்கை, கறிவேப்பிலை, தேங்காய் நார், இட்லி மாவு கழுவிய நீர், பொங்கலுக்கு உருக்கி ஊற்றிய நெய். நெய் சிங்க்கில் இறங்கும்போது திரவமாக இருந்து, பைப்பின் வளைவுக்குப் போனதும் உறைந்துவிடும். காபிச் சக்கை அதில் போய் ஒட்டிக்கொள்ளும். குளியலறையில் நல்லெண்ணெய், சீயக்காய், தலைமுடி மூன்றும் திரிந்து ஒரே கயிறாகும். போர்த் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசினாகி அந்தக் கயிற்றுக்கு மெழுகு பூசும். தி.நகர் முழுக்க 1920களில் நெடிய ஏரியை வடித்து எழுப்பிய ஊர் என்பதால், ஓர் ஏரியையே வடித்த இடத்தில் ஒரு சிங்க்கை வடிக்க முடியவில்லையே என்று அங்கே கூடுதலாக மனம் வருந்தலாம். உரிப்பொருள் எல்லா நிலத்துக்கும் ஒன்றே: கோபமும் கோபம் நிமித்தமும்.

கருவியைத் தேர்வதில் கடைக்காரர் வாக்கைப் பிரமாணமாகக் கொள்ளலாகாது. "ஒண்ணு எடுத்துக்கோங்க சார், எல்லாத்துக்கும் ஆவும்" என்பார். ஆகாது. விளிம்பு தட்டையான கிண்ணி சிங்க்குக்கும் தரைக்கும். உள்ளிருந்து இன்னொரு கழுத்து நீளும் கிண்ணி வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு. வாங்கும் முன் விளிம்பை விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும்: வெள்ளைக் கோடு விழுந்தால் பழைய சரக்கு. பிறகு கடையின் டைல்ஸ் தரையிலேயே வைத்து அழுத்திப் பிடியைத் தூக்கினால் தரை லேசாக இழுக்க வேண்டும். பிடி கழன்று கையோடு வந்தால் மரியாதையாக அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

சமையலறைக் கிண்ணியும் கழிவறைக் கிண்ணியும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதில் மயிலாப்பூர்ப் பாட்டிகளின் மடியும் நுண்ணுயிரியலும் ஒத்துப்போகின்றன. இவ்விரு துறைகளும் உடன்படும் இடங்கள் அதிகம் இல்லை. ஒன்றின் பிடியில் பெயின்ட்டால் ஒரு பட்டை இட்டுவைத்தால் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் குழப்பம் இல்லை.

இனி நூற்பா. முன்னோர் செய்யாததால் நாமே செய்தது:

பிறவாய் அடைத்தபின் பெருவாய் அழுத்துக;
அடையா தழுத்தின் அயல்வாய் உமிழும்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கிண்ணி போடும் முறை உணர்த்துதல் நுதலிற்று. பிறவாய் யாதெனின், இரட்டைச் சிங்க்கில் மற்றைச் சிங்க். வாஷ்பேசினில் விளிம்புக்குக் கீழே இருக்கும் சிறு துளை. குளியலறைத் தரையிலோ வாஷ்பேசினேதான். நம் ஊர் பிளாட்டுகளில் வாஷ்பேசின் தண்ணீர் பெரும்பாலும் தரையில் ஜாலிக்கு அடியில் இருக்கும் நானி ட்ராப்பில்தான் வந்து விழுகிறது. தரையில் கிண்ணி வைத்து அழுத்துகிறவர் அடைப்பைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். தண்ணீரோ லேசான வழியைப் பார்க்கும்.

எவ்வளவு லேசு என்பதைக் கணக்காகவே காட்டலாம். கிண்ணியின் விட்டம் 13 செ.மீ. எனில் பரப்பு ஏறத்தாழ 133 சதுர செ.மீ. அதன்மேல் 10 கிலோ பாரம் கொடுத்தால் 75 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தும் அழுத்தம் கிடைக்கும். வாஷ்பேசின் துளை தரையிலிருந்து சுமார் 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதாவது பெரிய பலசாலி தேவையில்லை. காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்ட எவரும் தரைச் சாக்கடையை முகம் பார்க்கும் கண்ணாடி வரை தெளிக்கலாம். அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் எழுதிய நூல், அவர் இறந்த மறுவருடம் 1663-ல் வெளிவந்தது. பாஸ்கல் விதியைப் பள்ளியில் ஒப்பித்தவர்களும் இதில் தப்புவதில்லை.

ஆகவே முதலில் நனைந்த துணியை உருட்டி வாஷ்பேசின் துளையில் திணித்து, ஒருவரை அதன்மேல் கை வைக்கச் சொல்ல வேண்டும். ஜாலியைக் கழற்ற வேண்டும். கிண்ணி முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் அது சுருங்கிக் கொடுத்து நம் உழைப்பையெல்லாம் தின்றுவிடும், தண்ணீர் சுருங்காது. அதனால் கிண்ணியைச் சாய்த்து இறக்கிக் காற்றை வெளியேற்றுவது மரபு. முதல் அழுத்து மெதுவாக. அதன்பின் விளிம்பு தரையை விடாமல் மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். இழுப்பதற்கும் அழுத்துவதற்குச் சமமான பங்கு உண்டு. முடிக்கயிறு தள்ளினால் இறுகும்; முன்னும் பின்னும் ஆட்டினால்தான் பிடி தளரும். இறுதியில் ஒருமுறை வெடுக்கென்று இழுத்தால், "களக்" என்ற ஓசையோடு சுழி விழும்.

ஆசிட்டோ, காஸ்டிக் தூளோ ஊற்றிய பிறகு கிண்ணி எடுப்பது விலக்கு. தெறிப்பது கண்ணுக்கு. இதற்கு உரை வேண்டாம்.

பிறவாய் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்ற நியதியும் இல்லை. இரண்டாம் மாடியில் அழுத்தியது தரைத்தளத்தில் எழும். அப்போது நிகழும் உரையாடலின் தூய வடிவம் இது:

"சார், மேல என்ன பண்றேள்? எங்காத்து சிங்க்ல ரசம் வந்து நிக்கறது."

"எங்க ரசம்னு எப்படி மாமா சொல்றீங்க?"

"எங்காத்துல பூண்டு போடறதில்லை."

அகச்சான்று இவ்வளவு வலுவாக இருக்கும்போது மாடிக்காரர் வாதாடுவது வீண். செங்குத்துக் குழாயின் அடியில்தான் அடைப்பு என்று இருவரும் சேர்ந்து தெரிந்துகொண்டார்கள் என்பதே இதன் ஆய்வுப் பயன். அங்கே கிண்ணியின் அழுத்தம் மற்ற வீடுகளின் வாய்களிலெல்லாம் கசிந்து போய்விடும். பிளம்பரின் ஸ்பிரிங் கம்பிதான் வழி.

காம்பவுண்டுக்குள் இருக்கும் சேம்பரின் மூடியைத் தூக்கிப் பார்த்து, அதிலும் விளிம்பு வரை நின்றால் அடைப்பு பெரும்பாலும் தெருவில். மெட்ரோ வாட்டருக்கு 1916 என்ற எண்ணில் புகார் சொல்லிவிட்டு ஜெட்ராடிங் வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். "ஒரு ஆளைப் பிடிச்சு உள்ள இறக்கிடலாமே" என்று யோசனை சொல்லும் அசோசியேஷன் பெரியவர்களுக்கு: 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்; அதில் உயிர் போயிருக்கிறது.

தெருவில் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் ஒரு பழைய கணக்கில் கொஞ்சம் இருக்கிறது. 1910 வாக்கில் இந்நகருக்குக் கழிவுநீர்த் திட்டம் வகுத்தவர்கள், 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று வைத்து வகுத்தார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். இடையில் விரிவாக்கங்கள் நடந்தன என்றாலும், கணக்கில் வராத அந்தப் பத்து லட்சத்துச் சொச்சம் பேரின் ரசம் எவ்வழிச் சென்றது என்பது முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பு. வழிகாட்டியாக இருக்க மேற்படி தரைத்தளத்து மாமா சம்மதித்திருக்கிறார்.