என்னய யாருன்னு தெரியுதா?

எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளிக்கிற இடத்துக்கும் பந்திக்கும் நடுவே ஒரு தூணோரமாக நிற்பார். நாம் செருப்பைக் கழற்றி, எங்கே விட்டோம் என்று அடையாளம் பார்த்துக்கொண்டு நிமிர்வதற்குள் எதிரே வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "என்னய யாருன்னு தெரியுதா?" என்பார்.

தெரியும் என்றால் "யாரு, சொல்லு பாப்போம்" என்று அடுத்த கேள்வி வரும். தெரியாது என்றால் நாலு பேரைக் கூட்டி, "பாத்தியளா, இவன் காதுகுத்துக்கு என் மடியிலதான் உக்காந்து அழுதான்" என்று தொடங்கிவிடுவார். சிரித்து மழுப்பிவிடலாம் என்று என் தம்பி இருபது வருடமாக முயன்று பார்க்கிறான். சிரிப்புக்கு மார்க் கிடையாது.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பதவி சித்தப்பாவிடம் இருக்கிறது. அப்பாவின் கூடப்பிறந்தவர் அல்ல, அப்பாவுடைய சித்தப்பா மகன். "ஒண்ணுவிட்ட சித்தப்பா" என்று அவர் காதுபடச் சொல்லிவிடக்கூடாது. "உறவுல எதுக்குல ஒண்ண விடுதிய?" என்று சண்டைக்கு வருவார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அங்கே என்ன எழுதினாரோ, உறவுக் கணக்கில் மட்டும் ஒரு பைசா பிசகாது.

அந்தக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. அதில் யாருக்கும் பெயர் கிடையாது. "கீழத்தெரு பெரியப்பா ரெண்டாவது மருமவன், பேங்க்ல இருக்காருல்லா" என்பார். "சாத்தூர்க்காரி மவன்" என்பார். என் மனைவி இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சித்தப்பா வாயில் அவள் இன்றுவரை "நம்ம மூத்தவன் தம்பி பொஞ்சாதி"தான். அந்த மூத்தவனும் தம்பியும் யார் என்று வெளியாள் கேட்டால், அதற்கும் பெயர் வராது. இன்னும் இரண்டு பேர் வருவார்கள்.

1871-இல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் பல நாட்டு மக்களின் உறவுப் பெயர்களைத் திரட்டிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அப்பாவோடு பிறந்த ஆணும் அப்பா, அம்மாவோடு பிறந்த பெண்ணும் அம்மா என்கிற மாதிரியான கணக்கு அமெரிக்காவின் செனகா பழங்குடியினரிடமும் இருக்கிறது, தமிழரிடமும் இருக்கிறது என்று கண்டு வியந்துபோனார். எங்கோ படித்ததைச் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ அவிய நமக்குப் பங்காளி முறையா, சம்பந்தம் பண்ணுத முறையா?" என்று கேட்டார்.

இப்பேர்ப்பட்டவர் முன்னால் இந்த வருடம் புது மாப்பிள்ளை ஒருவர் வந்து மாட்டினார்.

அண்ணன் மகளுக்குத் தை மாதம் கோயம்புத்தூரில் கல்யாணம் நடந்தது. ஒரே ஆபீசில் வேலை பார்த்து, அவர்களே பேசி முடித்துக்கொண்டு, பிறகு நம்மிடம் சொன்ன வகை. சித்தப்பா அப்போது கண்புரை ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணியும் கறுப்புக் கண்ணாடியுமாக வீட்டில் இருந்ததால் வரவில்லை. மாப்பிள்ளையைப் பங்குனி உத்திரத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டவர்களுக்கு அது கொஞ்சம் மிரட்டல் மாதிரிதான் இருந்தது.

திருநெல்வேலிப் பக்கம் பங்குனி உத்திரம் என்றால் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போகவேண்டும். எந்த ஊரில் பிழைத்தாலும் அன்றைக்கு அந்தக் குளத்தங்கரையிலோ காட்டுக்குள்ளேயோ போய்ப் பொங்கல் விட்டாக வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி. முறைப்படி பார்த்தால் இந்தப் பெண் எங்கள் கோயிலுக்கு வரவேண்டியதில்லை. அதைச் சொல்லிவிட்டு, மறு மூச்சிலேயே, "மொத வருசம் மாப்ளய கூட்டிட்டு வரணும், நான் பாக்கண்டாமா?" என்று சட்டத்தைத் திருத்தியவரும் சித்தப்பாதான்.

ஆக, சென்னையிலிருந்து இருபத்திரண்டு பேர். ரயில்வேக்காரர்கள் 2024 நவம்பர் முதல் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு என் மகன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. நெல்லை எக்ஸ்பிரஸில் போக நாலு டிக்கெட், வர நாலு டிக்கெட் என்று எடுத்துக் கொடுத்தான். போகும்போது எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே பெட்டி. வரும்போது புதுத் தம்பதியே வேறு வேறு பெட்டியில் பிரிந்திருந்தார்கள். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

வளைகாப்பு ஒன்றுக்காகச் சென்னை வந்திருந்த சித்தப்பாவும் சித்தியும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். எழும்பூர் நடைமேடையில் மாப்பிள்ளை பையைக் கீழே வைத்ததுதான் தாமதம்.

"மாப்ள, என்னய யாருன்னு தெரியுதா?"

"தெரியலீங்க" என்றார் மாப்பிள்ளை.

எங்கள் பரம்பரையில் இதுவரை ஒருவர்கூட இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். அவர் அதோடு விடாமல் கையை நீட்டித் தன் பெயரையும் சொன்னார். சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார், பெயரை விட்டுவிட்டார். "பேரு கெடக்கட்டும். கோயமுத்தூர்ல எங்கன?"

பீளமேடு என்றதும் விசாரணை தொடங்கியது. தாம்பரத்தில் தாத்தா எந்த ஊர் என்பது தெரிந்தது. செங்கல்பட்டில் அம்மா வழி வந்தது. கொங்குப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அப்பிச்சி என்பார்கள் என்று மாப்பிள்ளை சொன்னபோது சித்தப்பா கண்ணை மூடி ரசித்தார், ஏதோ புது ராகம் கேட்ட மாதிரி. ஆனாலும் ஒட்டு விழவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் மிடில் பெர்த்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பது விதி. மிடில் பெர்த்காரரான என் தம்பி விதியைக் கையில் பிடித்துக்கொண்டு பதினொன்றரை வரை நின்றான். விழுப்புரம் தாண்டி எங்கேயோ இருட்டில், "கெடச்சிட்டுல்லா!" என்ற சத்தம் கேட்டு எல்லாரும் விழித்தோம். மாப்பிள்ளையின் அப்பா வேலை பார்த்த மில்லில் ஒரு மேஸ்திரி, அவருடைய சம்பந்தி திருநெல்வேலி ஜங்ஷன்காரர், அந்தச் சம்பந்தி வீட்டுப் பெண்ணைத்தான் எங்கள் பெரிய அத்தை பேரனுக்கு எடுக்க இருந்து ஜாதகம் பொருந்தாமல் போய்விட்டது.

"பொருந்தலயே தாத்தா, அப்புறம் எப்படி உறவு?" என்று கேட்டாள் அண்ணன் மகள்.

"பாத்தோம்லா?" என்றார் சித்தப்பா. நிம்மதியாகத் தூங்கப் போனார்.

விடியற்காலையில் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்து மாப்பிள்ளையை எழுப்பினார். வாஞ்சி மணியாச்சி வந்ததும், 1911-இல் இந்த நிலையத்தில்தான் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார் என்று சொல்லி, வாஞ்சி செங்கோட்டைக்காரர் என்பதால் அங்கே நமக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று திருநெல்வேலி வரை எண்ணிக்கொண்டு வந்தார். ஆஷ் துரைக்கு மட்டும்தான் முறை சொல்லவில்லை.

மாப்பிள்ளை சாஃப்ட்வேர்க்காரர். ஊருக்குப் போய் முப்பது பேரிடம் "தெரியலீங்க" சொல்வது நடக்கிற காரியம் இல்லை என்று ரயிலிலேயே புரிந்துகொண்டு, போனில் எக்ஸெல் ஒன்றைத் திறந்துவிட்டார். பெயர், மனைவிக்கு என்ன உறவு, நான் எப்படிக் கூப்பிட வேண்டும், அடையாளம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். அடையாளம் என்ற கட்டத்தில் "மூக்குப்பொடி", "மருதாணித் தலை", "என்னை விடமாட்டார்" என்றெல்லாம் இருந்ததை நானே பார்த்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் அக்கா மகளைக் கட்டியவர்களும் அத்தை மகனைக் கட்டியவர்களும் தாராளம். ஒரே அம்மாள் ஒரு வழியில் அத்தை, இன்னொரு வழியில் பெரியம்மா, சுற்றிப்போனால் மதினி. ஒரு ஆளுக்கு மூன்று வரி எழுதவேண்டி வந்ததும் மாப்பிள்ளை சித்தப்பாவிடமே போய் நின்றார்.

சித்தப்பா போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். பரீட்சைப் பேப்பர் திருத்தும் வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாகச் சரி சொல்லிக்கொண்டே வந்தவர், "இந்த மொத கட்டம் எதுக்கு?" என்றார்.

"பேருங்க."

"அது என்னத்துக்கு, எடத்த அடச்சிக்கிட்டு?"

அடுத்த வரியில் அவரே இருந்தார். மனைவியின் அப்பாவுக்குச் சித்தப்பா, ஆகவே தாத்தா என்று மாப்பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார். உறவை ஒரு நூல் பிசகவிடாத மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "முறைப்படி தாத்தாதான். ஆனா நீங்க மாமான்னே கூப்பிடுங்க" என்றார். எழுபத்தொரு வயதில் அவர் தமக்கு எடுத்துக்கொண்ட ஒரே சலுகை அது.

மத்தியானம் சித்தி மாப்பிள்ளைக்காகச் சொதி வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடவேண்டிய சாப்பாடு, எங்கள் பக்கம். கோயம்புத்தூரில் நடந்த கல்யாணத்தில் அது விட்டுப்போனது சித்திக்குப் பெரிய மனக்குறை. ரயிலைவிட்டு இறங்கிய கையோடு தேங்காய் துருவி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுத்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, இஞ்சிச் சாறு விட்டு, இறக்கி எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் வைத்து, இலை முன்னால் நின்றாள். மாப்பிள்ளை மரியாதையாக இரண்டு கரண்டி சாப்பிட்டார். "நல்லா இருக்குங்க" என்றார். பிறகு, "இதுக்கு அப்புறம் சாம்பார் வருங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதே இல்லை. சித்தப்பாதான் காப்பாற்றினார். "அவிய ஊர்ல தேங்காய் ஜாஸ்தி. அதனால தேங்காய்ப் பால் அவியளுக்குப் பெருசாத் தெரியாது" என்றார். அதில் நியாயம் ஏதும் இருப்பதாக எனக்குப் படவில்லை. சித்திக்குப் போதுமானதாக இருந்தது.

கோயிலில் இன்னொரு கூத்து. பங்குனி வெயில், கல் அடுப்பு, ஓலைப் புகை. ஒரு கண்ணால் பொங்கலையும் மறு கண்ணால் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்க, ஆலமரத்தடியில் நோட்டை விரித்துத் தலைக்கட்டு வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. மாப்பிள்ளை நல்ல மனதோடு போய், "நானும் கட்டிடறனுங்க, போன்லயே அனுப்பட்டுங்களா?" என்று கேட்டுவிட்டார். நோட்டு எழுதியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அங்கே பாதிப் பேர் போன வருடத்துப் பாக்கியையே இன்னும் கட்டவில்லை. தானாக வந்து வரி கேட்டு நின்றவரைச் சாஸ்தாவே அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். சித்தப்பா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். மருமகன் வரி கொடுக்கக்கூடாது, மரியாதைதான் வாங்கவேண்டும் என்று விளக்கி, தலையில் பரிவட்டம் கட்டவைத்து, கூட்டத்தைச் சுற்றிக்காட்டினார். "இவியதான் நம்ம மூத்தவன் மருமவன். கோயமுத்தூரு." நாற்பது தடவை சொல்லியிருப்பார். நாற்பது தடவையும் அவ்வளவுதான் சொன்னார்.

அது எவ்வளவு பெரிய குறை என்பது மறுநாள் இரவு ரயிலில்தான் தெரிந்தது.

எங்கள் டிக்கெட்டில் சித்தப்பா, சித்தி, நான், என் மனைவி, தம்பி, மாப்பிள்ளை. சித்தியின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக மறுபடியும் சென்னைப் பயணம். ஏறியதும் மாப்பிள்ளை, அல்வாப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மனைவி இருந்த பெட்டிக்குப் போனார். கல்யாணமாகி இரண்டு மாதம். அல்வா கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யார் கேட்பது. நானும் என் மனைவியும் தம்பியும் கோயில் அலுப்பில் மேலே ஏறித் தூங்கிவிட்டோம். இனி நடந்தது சித்தி சொன்னது.

மணியாச்சி தாண்டி டிக்கெட் பரிசோதகர் வந்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் சித்தப்பாவுக்குத் தெரியாது.

"அப்படி யாரும் எங்ககூட வரலியே" என்றார் சித்தப்பா.

"உங்க டிக்கெட்லதான் சார் இருக்கு."

"தம்பி, மூணு தலமுறைக்கு எங்க குடும்பத்துல எல்லாரையும் எனக்குத் தெரியும். அப்படி ஒரு ஆள் கெடையாது."

சித்தியும் யோசித்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் அவர் மாப்பிள்ளைதான். பரிசோதகர் கருவியில் ஏதோ தட்டினார். ஆர்.ஏ.சி.யில் இன்னொருவரோடு சைடு லோயரைப் பங்குபோட்டுக் குத்தவைத்திருந்த ஒருவருக்கு அந்த பெர்த் போனது. ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், பையோடு வந்து உட்கார்ந்தார். சித்தப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

சாத்தூர் தாண்டியபோது ஏதோ பேச்சுச் சத்தத்தில் விழித்தேன். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெர்த்தில் போர்வைக்குள் யாரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதிய, அசந்து தூங்குதாவ. அம்பாசமுத்திரம். இவிய வீட்டம்மாவும் உங்க சித்திப்பாட்டியும் அக்கா தங்கச்சி முறை, கல்லிடைக்குறிச்சி வழியில. அப்போ எனக்குச் சகலை. அந்தா சைடு லோயர்ல பாதி எடம் இருக்கு, அவியளுதுதான், நீங்க போய் இருங்க."

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. போர்வையைப் பார்த்தார்.

"முறைப்படி உங்களுக்குத் தாத்தாதான்" என்றார் சித்தப்பா. "ஆனா மாமான்னே கூப்பிடுங்க."

மாப்பிள்ளை போனை எடுத்தார். எக்ஸெலைத் திறந்து கடைசி வரிக்குக் கீழே ஒரு புது வரிக்குப் போனார்.

"பேரு என்னங்க?"

"அத எவன் கேட்டான்?" என்றார் சித்தப்பா.