உலகளந்த தமிழய்யா

ஐயா, தங்களைப் புகழாமல் இருக்க முடியவில்லை. கார்த்திகை மழை விடுமுறை முடிந்த கையோடு ஆறாம் வகுப்புத் தமிழுக்கு வந்து சேர்ந்தீர்கள். முன்பிருந்த டீச்சர் மாறுதலில் போய்விட்டார். அரையாண்டுத் தேர்வோ வாசலில் நிற்கிறது. வேறு யாராக இருந்தாலும் எந்தப் பிள்ளை எதில் நிற்கிறது என்று பார்க்கவே நாலு நாள் திண்டாடியிருப்பார்கள். தாங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "டீச்சர் நடத்தினதெல்லாம் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்கய்யா!" ஓடு அதிர்ந்தது. நாற்பது பேரின் தமிழையும் அளந்தாயிற்று. உலகளந்த பெருமாளுக்கே மூன்றடி வேண்டியிருந்தது. தங்களுக்கு ஓரடி போதும்.

ஆனாலும் கடமை தவறாதவர் தாங்கள். முதல் பெஞ்சில் கையைத் தூக்கிக்கொண்டிருந்த பெண்ணை எழுப்பிக் கேட்டீர்கள். கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமல்லவா? நாற்பது அடுப்பில் நாற்பது பானை இருப்பதையெல்லாம் சமையல் தெரியாதவர்கள்தான் பார்ப்பார்கள். குறிப்பேடுகளையும் புரட்டினீர்கள். ளகர ழகரம் எங்கும் பிசகவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதியதில் பிசக வழியேது?

கடைசி பெஞ்சுப் பையனையும் தாங்கள் விடவில்லை. புத்தகத்தை விரித்து, ஏற்ற இறக்கத்தோடு ஒரு பத்தி முழுக்கப் படித்தான். அவன் விரல் மட்டும் பக்கத்திலிருந்த படத்தின் மேலேயே கிடந்தது. காதால் அளப்பவர் கண்ணை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்? "பேஷ்!" என்றீர்கள். அன்று மாலை டீக்கடையில் வடை மடித்த தாளைக் காட்டி, "இதைப் படிடா" என்றேன். 'நாளை மின்தடை' என்றிருந்தது. 'நாளை' வந்துவிட்டது. 'மி' என்றான், எச்சில் விழுங்கினான், என் முகத்தைப் பார்த்தான்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறதே, பாவம், கீழ்வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பார்த்து அல்லாடுகிறது. தாங்கள் ஐந்தே நிமிடத்தில் ஒரு வகுப்பு முழுவதையும் மலரவைத்துவிட்டீர்கள். நாளைக்கு மயங்கொலிகள் நடத்தப்போவதாகக் கேள்வி. ண, ன, ந, ல, ள, ழ, ர, ற எட்டும் ஒரே மூச்சில்! 'மி'யில் நிற்கிறவனும் கூட்டத்தோடு சேர்ந்து "புரிஞ்சுதுங்கய்யா" என்பான். அந்தச் சொல்லில் அவனுக்குப் பிழையே வராது.

பாடப் புத்தகத்தில் இல்லாத இரண்டு வரியை ஆளுக்கொரு நிமிடம் தனியாகப் படிக்கச் சொல்லியிருந்தால், நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரு பாடவேளை வீணாகியிருக்கும். அதை மிச்சம் பிடித்துவிட்டீர்கள். வாழ்க தங்கள் சிக்கனம்! செலவு முழுவதும் அந்தப் பையன் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.