ஐம்பத்தாறு கரிக்கோடுகள்

1978 ஐப்பசி மழையில் எனக்கு டைபாய்டு வந்தபோது வயது பதினொன்று. புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஓட்டு வீடு. அப்பாவுக்கு ரோடியர் மில்லில் வேலை. ஒரு வாரம் விடாத காய்ச்சலுக்குப் பிறகு அம்மா என்னை ரிக்‌ஷாவில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியில் பூங்காவுக்குள் ஆயி மண்டபத்தின் வெள்ளைத் தூண்கள் என் காய்ச்சல் கண்ணுக்கு மெல்ல அசைவதுபோல் இருந்தன.

இரத்தம் எடுத்து விடால் பரிசோதனை செய்தார்கள். ஃபெர்னான் விடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896இல் தந்த முறை அது. டைபாய்டுதான் என்றதும் பாட்டி அழுதுவிட்டாள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இதே காய்ச்சலுக்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளுடைய இளமையில் இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. கஞ்சியும் ஈரத்துணியும் வேண்டுதலும்தான். பிழைப்பவர் பிழைப்பார்.

எனக்கு மருந்து இருந்தது. குளோரம்ஃபெனிக்கால். 1948இல் மலாயாவில் உண்ணிக்காய்ச்சலுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். உண்ணிக்காய்ச்சல் என்று நினைத்துச் சேர்த்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவர்களும் தேறினார்கள். டைபாய்டுக்கு முதல் நல்ல மருந்து கிடைத்தது அப்படித்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, பதினாலு நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அடுப்பங்கரைச் சுவரில் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கரிக்கோடு போட்டாள். நள்ளிரவு மாத்திரைக்காக டைம்பீஸில் அலாரம் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே படுத்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று வந்திருந்த மாமா கேட்டார்: "இன்னாக்கா, புள்ளைக்கு ஜுரம்தான் வுட்டுடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?"

"ஜுரம் வுட்டா நோவு வுட்டுடுச்சுன்னு உனக்கு யாருடா சொன்னது? டாக்டர் சொன்னது பதினாலு நாளு."

பதினாலாம் நாள் இரவு சுவரில் ஐம்பத்தாறு கோடுகள் இருந்தன. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை அவற்றை அழிக்க அவள் யாரையும் விடவில்லை.

அந்தக் கோடுகளை நான் மறந்த காலமும் உண்டு. 1990களின் நடுவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். டாக்டரிடம் போனால் ஃபீஸ், பிறகு மருந்துச் செலவு. அதனால் தொண்டை கரகரத்தாலே மருந்துக்கடை முன் நிற்பேன். "அண்ணே, சிப்ரோ ரெண்டு குடுங்க." சிப்ரோஃப்ளாக்சசின் அப்போது புது மருந்து. இரண்டு மாத்திரை போடுவேன், மறுநாள் சளி குறையும், மூன்றாவதை மேசை டிராயரில் போட்டுவைப்பேன். பிறகு என் மகளுக்கு மூக்கு ஒழுகினால் அந்த டிராயரைத் திறப்பேன்.

சளியும், பெரும்பாலான தொண்டை வலியும் வைரஸால் வருபவை. டெங்குவும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. என் சளி தானாகப் போயிருக்கும். நான் விழுங்கிய மாத்திரைக்கு வேலை இருந்தது என் குடலில் சும்மா கிடந்த பாக்டீரியாக்களிடம் மட்டுமே. அவற்றில் மருந்துக்கு அடங்குபவை செத்தன. அடங்காதவை பிழைத்துப் பெருகின. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், போதாத அளவில் மருந்து சாப்பிடுகிறவர் கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்கிவிடுவார் என்று 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கைக்கு ஐம்பது வருஷம் கழித்து நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

2023 மழைக்காலத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, தம்பிக்கு ஆறு நாளா ஜுரம். டைபாய்டா இருக்கலாங்கிறாங்க." பேரனுக்கு ஏழு வயது. நான் ஓடினேன்.

டாக்டர் அம்மா இளவயதுக்காரர். முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தார். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமலே போய்விடும் என்றார். விடால் சோதனையை மட்டும் நம்ப முடியாது, வேறு காய்ச்சலிலும் அது டைபாய்டு என்று காட்டும் என்றார். பையனின் உடம்பு முழுக்க, அக்குள் மடிப்புவரை, கருப்புப் பொருக்கு ஏதும் இருக்கிறதா என்று தேடினார். அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். நம் புதுச்சேரிப் பக்கம் மழைக்காலத்தில் வருவது. அதற்குக் கேட்பது டாக்சிசைக்ளின்; அமாக்சிசிலினை எத்தனை நாள் கொடுத்தாலும் பயனில்லை. பிறகு எடையைப் பார்த்து அளவு கணக்கிட்டார். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருக்கிறதா, இப்போது வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறானா என்று கேட்டார். ஒரு ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுப்பதற்குள் இத்தனை கேள்விகள். இவற்றில் ஒன்றைக்கூட நானும் அந்த மருந்துக்கடை அண்ணனும் கேட்டுக்கொண்டதில்லை.

அசித்ரோமைசின் ஏழு நாள் என்று எழுதினார். "சரியான மருந்து போட்டாலும் டைபாய்டு காய்ச்சல் இறங்க நாலைஞ்சு நாள் ஆகும். பயந்து மருந்தை மாத்திடாதீங்க. ஆனா சோர்ந்து போனாலோ, வயிறு உப்பினாலோ உடனே வாங்க."

கல்ச்சர் முடிவு சில நாளில் வந்தது. டைபாய்டேதான். கீழே மருந்துகளின் பட்டியல். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு ஆங்கில எழுத்து. எஸ் என்றால் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. அசித்ரோமைசின், எஸ். சிப்ரோஃப்ளாக்சசின், ஆர். அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. இன்னும் கீழே இறங்கினால் குளோரம்ஃபெனிக்கால். அதற்கு எதிரே எஸ்.

என்னைப் பிழைக்கவைத்த மருந்து. 1972இலேயே கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைபாய்டு தலைகாட்டியிருந்தது. 1980களின் கடைசியில் நாட்டின் பல இடங்களில் அந்த மருந்து கைவிட்டுப்போனது. அதனால்தான் எல்லோரும் சிப்ரோவுக்கு மாறினார்கள். சில வருஷங்களில் அதுவும் சோர்ந்தது. குளோரம்ஃபெனிக்கால் எப்படித் திரும்பி வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன்.

"முப்பது வருஷமா டைபாய்டுக்கு அதை யாரும் அதிகமாத் தொடலை ஐயா. மருந்து இல்லாத இடத்துல, அதை எதிர்க்கிற மரபணு கிருமிக்கு வீண் சுமை. சுமை இல்லாத கிருமிதான் பெருகும். அதுக்காக இப்பவே அதைக் கொடுக்க மாட்டோம். அபூர்வமா எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். எல்லா மருந்தும் இப்படித் திரும்பி வரும்னும் நம்ப முடியாது."

இவ்வளவு காலம் வாழ்ந்து எனக்குத் தெரியாத செய்தி இது. மருந்துக்கும் ஓய்வு உண்டு. ஊரே சேர்ந்து ஒன்றைச் சும்மா விட்டால் அது மீண்டும் பலம் பெறக்கூடும். அப்படியென்றால் சிப்ரோவுக்கு எதிரே இருந்த அந்த ஆர், என்னுடையதைப்போல் எத்தனையோ டிராயர்கள் சேர்ந்து எழுதியது.

2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகில் ஏறக்குறைய 12.7 இலட்சம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்று 2022இல் வெளியான லான்செட் ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் 2014 முதல் பல ஆன்டிபயாடிக்குகள் ஹெச்1 அட்டவணையில் உள்ளன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதவேண்டும். 2016 முதல் அட்டையிலுள்ள சிவப்புக் கோட்டின் பொருளை அரசே விளம்பரம் செய்தது. டாக்டர் சொல்லாமல் தொடாதே என்பதுதான் பொருள். எல்லா மருந்துக்கும் பதினாலு நாள் என்பதும் இன்று இல்லை. சில நோய்க்கு ஐந்து நாளே போதும் என்று நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். ஜுரம் விட்ட குஷியில் நாம் அல்ல.

முதல் நாள் டாக்டரைப் பார்த்துவிட்டு ஆயி மண்டபம் வழியாகத்தான் திரும்பினோம். தன் வீட்டை இடித்து ஊருக்குக் குளம் வெட்டிய ஆயியின் கதையைப் பேரனுக்குச் சொன்னேன். டைபாய்டு அசுத்த நீரில் வருவது. நல்ல நீர் ஊருக்கெல்லாம் பொது. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். என் கையிலுள்ள மாத்திரையில் இன்னும் பிறக்காத ஒரு குழந்தைக்கும் பங்கு இருக்கிறது.

அன்றிரவு மகள் போனில் அலாரம் வைத்தாள். நான் பேரன் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்துச் சுவரைக் காட்டினேன்.

"சுவத்துல கிறுக்குனா அம்மா திட்டும் தாத்தா."

"இதுக்குத் திட்டாது. ஒரு மாத்திரைக்கு ஒரு கோடு. ஏழு கோடு வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஏழாவது கோட்டை அவன் மற்றவற்றைவிட நீளமாக இழுத்தான்.