82-ன் கீழ் விடுதலை

தாத்தா போலீஸ் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே முறுக்கு மீசையையும் லத்தியையும் கற்பனை செய்துகொள்வார்கள். அவர் வாழ்நாளில் பிடித்ததெல்லாம் பேனாதான். பதவி ஏட்டு, வேலை ஸ்டேஷன் ரைட்டர். இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். ரைட்டர் ஒருநாள் லீவு போட்டால் எந்தக் கட்டு எந்த பீரோவில் இருக்கிறது என்றே ஒருவருக்கும் தெரியாது.

செங்கல்பட்டு வட்டாரத்தில் வரப்புத் தகராறில் இரண்டு பேர் கட்டிப் புரண்டால் போதும். "அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து" என்று 294(பி), 323, 506(1) மூன்றும் ஜோடி பிரியாத கோயில் உற்சவர்கள் மாதிரி வரிசையாக எழுந்தருளிவிடும். சண்டை போட்டவர் ஊமையாக இருந்தாலும் திட்டியது திட்டியதுதான்.

ரிடையர் ஆனபின் பொத்தேரி வீட்டில் உட்கார்ந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, வீட்டுக்கு ஜி.டி. திறந்துவிட்டார். ஸ்டேஷனில் நடப்பதையெல்லாம் மணி போட்டு எழுதுவார்களே, அதே பொது நாட்குறிப்பு. "காலை 7.10. பால் வரப்பெற்றது. தண்ணீர் கலந்துள்ளதாக மனைவி வாய்மொழிப் புகார். பால்காரர் மறுப்பு. விசாரணையில் உள்ளது." அந்தப் பால்காரர் மாட்டை விற்று, ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்து நிலத்தை பிளாட் போட்டு, கார் வாங்கிய பிறகும் விசாரணை முடியவில்லை.

"சம்பளமும் இல்ல, பேட்டாவும் இல்ல, இன்னா எழுத்து வேண்டிக் கெடக்கு?" என்பார் ஆயா. அதையும் மணி போட்டு எழுதிக்கொள்வார்.

எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, தாத்தாவின் டிரான்சிஸ்டர் ஓயாமல் பேசிக் களைத்திருக்கும் என்று அதற்கு ரசம் சாதம் ஊட்டினேன். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"கைய எறக்குடா. ஏழு வயசு ஆகல. செக்‌ஷன் எண்பத்திரண்டு."

இந்திய தண்டனைச் சட்டம் 82: ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. மெக்காலே தலைமையில் வரைந்து 1860-ல் நிறைவேறிய சட்டம். நம்மை குமாஸ்தாக்களாக்கிய பாவி என்று மெக்காலேயை ஏசுகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் குலதெய்வம்.

ஏழாவது பிறந்தநாளுக்கு எனக்குப் புதுச்சட்டை. அப்பாவின் முகத்திலோ நெடுநாள் காத்திருந்த களை. தாத்தா அசரவில்லை. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள், செய்ததன் விளைவு புரியும் பக்குவம் இல்லாவிட்டால் 83 காப்பாற்றும். எனக்குப் பக்குவம் இல்லை என்பதற்கு என் மார்க் ஷீட்டுகளே சாட்சி. பன்னிரண்டும் தாண்டியதும் 95-ஐ எடுத்தார்: சாதாரண புத்தியுள்ளவன் புகார் செய்ய மாட்டாத அற்பத் தீங்கு குற்றமாகாது. "அப்ப எனக்குப் புத்தியில்லன்றியா நைனா?" என்று அப்பா கேட்டார். தாத்தா பதில் சொல்லவில்லை. கேட்ட நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து எங்களை மாமல்லபுரம் கூட்டிப் போயிருக்கிறார். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைப் பாறையடியில் ஒரு கைடு, கண்ணன் வெண்ணெய் திருடிய கதையை ராகம் போட்டு இழுத்தார். தாத்தா குறுக்கிட்டார்.

"திருடறப்ப பையனுக்கு இன்னா வயசு?"

"குழந்தைதான் சார். மூணு, நாலு..."

"அப்ப கேஸே நிக்காது. உரல்ல கட்டிப்போட்டாங்களே அந்தம்மா, அவங்க மேலதான் 342 போடணும்."

கைடு எங்களிடம் காசு வாங்காமலே அடுத்த கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அதே பாறை முன்னால் கைகோத்து நின்றபோது, வீடே டிவியில் தலைவர்களைப் பார்த்தது. தாத்தாவுக்கு வேறு கவலை. "பாறைக்குப் பின்னாடி பாரா போட்டாங்களா, தெரியலையே."

அவர் போய்ச் சேர்ந்தபின் நோட்டுகள் பரணிலிருந்து இறங்கின. பெரும்பாலும் பால், கேஸ் சிலிண்டர், மின்வெட்டு. ஒரு பக்கத்தில் மட்டும்: "இரவு 11.40. பேரனுக்குக் காய்ச்சல். 12.30. ஈரத்துணி போடப்பட்டது. 2.10. பேரன் தண்ணீர் கேட்டான், கொடுக்கப்பட்டது. 4.00. சூடு தணிந்தது. பாரா மாற்றப்படவில்லை." நான்தான் அந்தப் பேரன். ராத்திரி முழுக்க ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

தாத்தா உயிரோடு இருந்தபோதே, 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டம் வந்து எண்களெல்லாம் மாறியபோது ஊரிலேயே அதிகம் இடிந்துபோனவர் அவர்தான். திருட்டு 379 போய் 303, கொலை 302 போய் 103. "420 போச்சேடா! இனிமே ஒருத்தன 318-ன்னு திட்டுனா அவனுக்கு ரோஷம் வருமா?" கண்ணுக்கு அருகில் நோட்டைப் பிடித்துக்கொண்டு, பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை ஒவ்வொன்றாக எழுதிப் படித்தார்.

அந்த மாதமே என் மூன்று வயது மகன் அவர் கண்ணாடியின் இரண்டு காம்பையும் பிடுங்கினான். இந்த முறை கையை ஓங்கியது நான். தாத்தா நோட்டைத் துழாவினார். கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்தும் தெரியவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, 82-க்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று படிக்கச் சொன்னார்.

"இருபது, தாத்தா."

"செக்‌ஷன் இருபது. கைய எறக்குடா. இன்னும் நாலு வருஷம் இருக்கு அவனுக்கு."