நரி முகத்தில் விழிக்க ஆகும் செலவு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கயோட்டி ஒன்றைச் சுட்டுக் கொண்டுபோய்க் காட்டினால் அரசு 50 டாலர் தருகிறது. 2012-இல் வந்த ஏற்பாடு, மான்குட்டிகளைக் காப்பாற்றவாம். (நரிக்கு அண்ணன், ஓநாய்க்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் கயோட்டி.) காசு சும்மா வருகிறதே என்று கிளம்புகிறவர் முதலில் கடைக்குப் போகிறார். துப்பாக்கி, அதன்மேல் தொலைநோக்கி, தாங்க ஒரு முக்காலி, காய்ந்த புல் நிறத்தில் சட்டை, முயலின் மரண ஓலத்தை எழுப்ப ஓர் ஒலிபெருக்கி. கணக்கு அங்கேயே உதைக்கிறது. ஆனால் பில்லைக் கூட்டிப் பார்க்கிற வேட்டைக்காரரை நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் வெட்டவெளி. வண்டியை மேட்டுக்குப் பின்னால் மறைத்து, கதவை ஓசைப்படாமல் சாத்தி, புதரில் முதுகைச் சாய்த்து, காற்று முகத்தில் அடிக்கும்படி உட்கார வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் நூறடி தள்ளி முயல் கதறும். இருபது நிமிடம் மூக்கைச் சொறியக்கூடாது. விருந்தாளியோ நேர்வழியில் வருவதில்லை. அரைவட்டம் அடித்துக் காற்று போகும் பக்கமாய்ப் போய் மோப்பம் பிடிக்கும். காலையில் தின்ற பன்றிக்கறி வாசம் எட்டியதோ, கதை முடிந்தது. இவர் கழுத்தைத் திருப்பும்போது வால் மட்டும் தெரியும்.

நூறு வருடத்துக்கு மேலாக விஷம், பொறி, தோட்டா எல்லாம் பார்த்த ஜீவன் அது. அன்று மேற்குப் புல்வெளிகளோடு நின்றது, இன்று சிகாகோ நகருக்குள்ளேயே குடியிருக்கிறது. அங்கே துப்பாக்கி வெடிக்கத் தடை.