வாகனக் கண்ணாடியில் உப்புக்கறை: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் குடித்தனம் நடத்தும் சென்னை அடுக்ககம் ஒன்றில், வாளியும் பழைய பனியனுமாக விடியற்காலையில் வரும் தொழிலாளி துடைத்துவிட்டுப் போன காரின் ஜன்னல்களில், எட்டு மணி வெயில் ஏறியதும் அம்மைத் தழும்புபோல் வெண்புள்ளிகள் பூத்து நிற்பதை உலகோர் கண்டும் காணாதாராய்க் கடந்து போகின்றமையின், அவற்றின் உற்பத்தி, ஸ்திதி, நாசம் மூன்றையும் சாஸ்திரீயமாக நிறுவும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதற்கண் பெயராராய்ச்சி. சாமானியர் இதனை உப்புக்கறை என்பர். நிலத்தடி நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், நீர் ஆவியாகுங்கால் கரையாத கார்பனேட்டாகித் தங்கிவிடுகிறது. கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் எதனால் ஆனவையோ அதுவே இது. ஆகவே 'சுண்ணக்கறை' என்றே வழங்கவேண்டுமென ஒருசாராரும், ரசாயன சாஸ்திரப்படி கார்பனேட்டும் உப்பினமே ஆதலின் பழம்பெயரே சாலுமென மறுசாராரும் வாதிட்டதில், எங்கள் சங்கக் கூட்டம் ஒன்று கோரமின்றிக் கலைந்தது (தண்ணீர் லாரிக்காரர் வாய்மொழி, இரண்டாம் ஹாரனுக்கு முன்). குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கதென்றும், வேறு கதியில்லையேல் 600 வரை பொறுக்கலாமென்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்திருக்கிறது. கார் எவ்வளவு பொறுக்கும் என்று அது விதிக்கவில்லை.

கறை மூவகைப்படும். புள்ளி சிறிது. ஒழுகல் நீளம். வளையமோ ஆழ்ந்த விசாரணைக்குரியது.

வளையத்தின் ஓரம் தடித்தும் நடுவிடம் தெளிந்தும் இருப்பதேன் என்பதில் அகவாதிகள், புறவாதிகள் என இரு கட்சிகள் உண்டு. கறை உள்ளிருந்து ஓரத்திற்கு ஓடுகிறது என்பது அகவாதம் (மெக்கானிக் கூற்று, பானெட்டுக்கு அடியிலிருந்து, முகம் தெரியவில்லை). ஓரத்திலேயே பிறக்கிறது என்பது புறவாதம் (காவலாளி கூற்று, தொட்டி நிரம்பி வழிந்த அன்று, நடுப்பகுதி மோட்டார் சத்தத்தில் சிதைவு). இரண்டையும் ஒருங்கே கண்டிப்பது எதிர்வீட்டு மாமியின் மறுப்புரை (பால்கனி, துணி உலர்த்துகையில், முதல் வாக்கியம் கிடைக்கவில்லை, இரண்டாவதன் ஈற்றுச்சொல் 'பைத்தியம்' எனக் கேட்கிறது, 'வைத்தியம்' என்பது பாடபேதம்). ஆசிரியனுக்கு அனுகூலமான பாடமே மூலபாடம் என்பது நம் பதிப்பாசிரியர் பலர் வெளியே சொல்லாமற் கைக்கொள்ளும் நெறியாதலின், நான் 'வைத்தியம்' என்றே கொண்டேன்.

உண்மையில், காப்பித்துளி காய்ந்தால் வளையம் விழுவதேன் என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1997இல் 'நேச்சர்' இதழில் விளக்கிவிட்டனர்: துளியின் விளிம்பு தரையை இறுகப் பற்றிக்கொள்ள, அவ்விடத்து நீர் விரைந்து ஆவியாக, அதை ஈடுசெய்ய நடுவிலிருந்து ஓடிவரும் நீர் துகள்களையும் இழுத்துவந்து கரை சேர்க்கிறது. அகவாதம் வென்றது. ஆயினும் முடிந்துபோன விவாதத்தால் எவருக்கும் பதவி உயர்வு கிட்டாதாகையால், இருசாராரும் அதைப் படிக்காமலே இருக்கின்றனர்.

இனி நாசகாண்டம். வினிகரும் சுத்திகரித்த நீரும் சமபாகம் கலந்து, வண்டியை நிழலில் நிறுத்தி, நனைத்த துணியைக் கறைமீது பத்து நிமிஷம் ஒட்டிவைத்தால், அமிலம் கார்பனேட்டைக் கரைத்துவிடும். எலுமிச்சை மூடியும் இதையே செய்யும். பொறுமையற்றோர் தூசியோடு சேர்த்துத் தேய்ப்பர். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் கால்சைட் 3, கண்ணாடி ஏறக்குறைய 5.5, மணலின் குவார்ட்ஸ் 7 ஆதலின், கறையும் போகும், கண்ணாடியிலும் கீறல் விழும். சிலிக்கா படிந்த கறை வினிகருக்கு மசியாது. அதற்குச் சீரியம் ஆக்ஸைடு மெருகு வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்த நீரைச் சிக்கனம் கருதிக் காருக்கு ஊற்றுவோர், இயந்திரம் பாடுபட்டுத் திரட்டிய உப்பையே அபிஷேகம் செய்கின்றனர் என்பதையும் குறிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். சென்ற ஆடி வரை அவர்களுள் நானும் ஒருவன்.

மேற்கண்ட முறையை நேற்று நானே பரீட்சித்தேன். கறை முற்றும் நீங்கியது. வினிகர் வாடை போகக் குழாய்த் தண்ணீர் இரண்டு வாளி ஊற்றிவிட்டு, பாடபேதம் பற்றிய குறிப்பைத் திருத்த மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது வெயில் காரின்மேல் வந்துவிட்டிருந்தது. இடப்பக்க ஜன்னலில் மட்டும் பதினேழு வளையங்கள்.